எந்த முடிவுக்காக இந்தப் பரிசோதனை? மில்வாக்கி சிறுவனின் கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒன்றேகால் வயதுப் பையனுக்கு ஆசனவாய் ஓரத்தில் ஒரு சீழ்க்கட்டி. குழந்தை மருத்துவத்தில் இது அபூர்வமே இல்லை. கீறிச் சீழை எடுத்துவிட்டு, மருந்து எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதோடு முடிந்துவிடும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2004ல் பிறந்த அந்தப் பையனுக்கு முடியவில்லை. கட்டி ஆறாமல் பவுத்திரமாக மாறியது. ஒன்று மூடினால் இன்னொன்று திறந்தது. போகப் போகக் குடலிலிருந்து வயிற்றுத் தோல் வரை துளை விழ ஆரம்பித்தது. வாயால் சாப்பிட்டது அந்தத் துளைகள் வழியாகக் கசிந்தது. சாப்பாட்டை நிறுத்திவிட்டு ரத்தக்குழாய் வழியாகச் சத்தை ஏற்றினால் துளைகள் மெல்ல மூடும். மறுபடி சாப்பிடத் தொடங்கினால் மறுபடி திறக்கும். சோற்றைக் கண்டால் கை நீட்டுகிற வயதில், சாப்பிடுவதே காயமாகிப் போன குழந்தை அது. ஐந்து வயதை எட்டும்போது நூறு தடவைக்கு மேல் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் வந்திருந்தான். பெருங்குடலையும் எடுத்துவிட்டார்கள். நோய் நிற்கவில்லை.

மருத்துவ இலக்கியத்தில், ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே தடவையில் படித்துப் பார்க்கும் எக்ஸோம் பரிசோதனையின் முதல் பெரிய வெற்றியாக இவனுடைய கதையைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். நான் இதை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் வேறு. மரபணுப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும், எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்ற கேள்வியை இந்த நிகழ்வு அளவுக்குத் தெளிவாகக் காட்டியது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. இன்று எக்ஸோம் பரிசோதனை நம்மூரிலும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. படிவத்தில் ஒரு டிக் அடித்தால் போதும். அப்படி எளிதாகிவிட்டதால்தான், கடினமாக இருந்த காலத்தில் அந்த மருத்துவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலில் செய்த வேலை

அந்தப் பையனின் குடலைப் பார்த்தால், குடலைப் புண்ணாக்கும் நாள்பட்ட அழற்சியான க்ரோன் நோய் போலத்தான் இருந்தது. க்ரோன் நோய்க்கான மருந்துகளைக் கொடுத்தார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எதுவும் நின்று பலன் தரவில்லை. க்ரோன் நோய் பொதுவாகப் பதின்ம வயதிலும் இளமையிலும் தலைகாட்டுவது. பால்குடி மறக்கும் வயதில், இவ்வளவு வெறியோடு வந்தால், நோயெதிர்ப்பு அமைப்பிலேயே பிறவிக் கோளாறு ஏதோ இருக்கிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டும். விஸ்கான்சினின் மில்வாக்கி நகரில் அவனைப் பார்த்த குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்களும் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். நோயெதிர்ப்பு அணுக்களை எண்ணினார்கள், அவற்றின் செயலைச் சோதித்தார்கள். தெரிந்த பிறவிக் குறைபாடுகளைத் தனித்தனி மரபணுவாகத் தேடினார்கள். விடை கிடைக்கவில்லை.

இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிப் போய்விடக் கூடாது. எக்ஸோம் பரிசோதனை என்ற யோசனை எழுவதற்கு முன்பே, அந்தப் பையனின் நோயைப் பற்றி எழுதி வைக்க வேண்டியதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. எந்த வயதில் என்ன தொடங்கியது, எந்த மருந்துக்கு எப்படி நடந்துகொண்டது, பயாப்சியில் என்ன தெரிந்தது, எந்த அணு எப்படி வேலை செய்கிறது என்று எல்லாம். பின்னால் ஆயிரக்கணக்கான மரபணு மாறுபாடுகளுக்கு நடுவே ஒன்றை அடையாளம் காண முடிந்தது அந்தக் குறிப்புகளால்தான். நோயாளியைப் பற்றி ஒன்றும் எழுதாமல், 'வளர்ச்சிக் குறைவு' என்று ஒரே ஒரு சொல்லோடு ரத்தத்தை அனுப்பினால், ஆய்வகமும் அதே அளவு மங்கலான பதிலைத்தான் திருப்பி அனுப்பும்.

முட்டிக்கொண்டு நின்ற கேள்வி

2009 வாக்கில் அந்த மருத்துவர்கள் முன்னால் இருந்தது ஒரே ஒரு பெரிய முடிவு. எலும்பு மஜ்ஜை மாற்று போல, ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை மாற்றலாமா?

கோளாறு நோயெதிர்ப்பு அணுக்களில் இருந்தால், புது ஸ்டெம் செல்கள் அதைச் சரிசெய்துவிடும். கோளாறு குடல் சுவரின் அணுக்களிலேயே இருந்தால், மாற்று சிகிச்சையால் ஒரு பயனும் இல்லை. அதற்கு முன்பு கொடுக்கிற கீமோதெரபி மட்டும் குழந்தையை வதைக்கும். ஏற்கெனவே நோய்த்தொற்றும் ஊட்டச்சத்துக் குறைவுமாகக் கிடக்கும் குழந்தை அந்தச் சிகிச்சையிலேயே இறந்துபோகலாம். நோயின் பெயர் தெரியாமல் அதைச் செய்யச் சொல்ல யாருக்கும் மனம் வராது. செய்யாமலே விட்டாலும் பையன் பிழைக்கமாட்டான் என்பதும் தெரிந்துகொண்டிருந்தது.

இங்கேதான் மரபணுப் பரிசோதனைக்கு நேரம் வந்தது என்பது என் கருத்து. நோய் அபூர்வமானது என்பதற்காகவோ, புதிய தொழில்நுட்பம் வந்துவிட்டது என்பதற்காகவோ வந்த நேரம் இல்லை அது. ஒரு குறிப்பிட்ட முடிவு, செய்வதா வேண்டாமா என்று முட்டிக்கொண்டு நின்றது. அதைத் திறக்கும் சாவி வேறு எந்தப் பரிசோதனையிலும் இல்லை. பெயர் தெரிந்தால் இப்படி, தெரியாவிட்டால் அப்படி என்று இரண்டு வழியும் முன்கூட்டியே கண்முன் இருந்தது.

அவனைப் பார்த்துவந்த குழந்தைக் குடல்நோய் மருத்துவர் ஆலன் மேயர், விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியின் மரபியல் மையத் தலைவர் ஹோவர்ட் ஜேக்கப்புக்கு 2009ல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இந்தக் குழந்தையின் மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்க்க முடியுமா என்பதுதான் கேட்ட கேள்வி. அப்போது இது நோயாளிகளுக்குச் செய்கிற காரியமே இல்லை. ஆய்வுக்கூடங்களில் நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். செலவு சுமார் 75,000 டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். காப்பீட்டில் அதற்கு இடமே இல்லை.

ஏன் ஒரே மரபணுவைத் தேடவில்லை?

இதற்கான பதில் பின்னால்தான் முழுதாகப் புரிந்தது. அந்தப் பையனின் நோய்க்குக் காரணமான மரபணு, எக்ஸ்.ஐ.ஏ.பி. என்று பெயர் கொண்டது, 2006லேயே ஒரு நோயோடு சேர்த்து அறியப்பட்டிருந்தது. ஆனால் அது வேறு முகம் கொண்ட நோய். எப்ஸ்டீன்–பார் என்ற மிகச் சாதாரண வைரஸ் தொற்றியதும், ஆண் குழந்தைகளின் நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, சொந்த ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். மருத்துவர்கள் அதை எச்.எல்.எச். என்பார்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் உயிரைக் குடிக்கும். இந்த மரபணுவைக் க்ரோன் நோயோடு அதுவரை யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. ஆகவே தனித்தனி மரபணுவாகத் தேடும் பட்டியலில் அது இடம்பெறவே வாய்ப்பில்லை.

நோயின் தோற்றம் ஒரு மரபணுவைத் தெளிவாகச் சுட்டிக்காட்டினால் அந்த ஒன்றைத் தேடுவதே சரி. மலிவு, வேகம், குழப்பமும் இல்லை. தோற்றம் பல திசைகளைக் காட்டினால், அல்லது தெரிந்த எதையும் காட்டாவிட்டால், வலையை அகலமாக வீச வேண்டும். எக்ஸோம் என்பது அந்த அகலமான வலை. புரதங்களுக்கான செய்தியைத் தாங்கும் சுமார் 20,000 மரபணுக்களின் பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்துப் படிப்பது. மொத்த டி.என்.ஏ.யில் இது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆனாலும் அறியப்பட்ட மரபுநோய்களில் பெரும்பாலானவற்றின் காரணம் அந்தச் சிறு பகுதியில்தான் இருக்கிறது.

16,124ல் ஒன்று

படித்து முடித்தபோது, மனித மரபணு வரிசையின் மாதிரிப் பிரதியிலிருந்து அந்தப் பையனிடம் 16,124 இடங்கள் வேறுபட்டிருந்தன. உங்கள் எக்ஸோமைப் படித்தாலும் இந்த அளவில் ஒரு எண் வரும். என்னுடையதிலும் வரும். இதில் ஏறக்குறைய எல்லாமே தீங்கில்லாதவை. மூக்கு வேறு, நிறம் வேறு என்பதுபோல மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாடுகள்.

உயிரித்தகவலியல் வல்லுநர் லிஸ் வொர்த்தியும் மரபியல் மருத்துவர் டேவிட் டிம்மக்கும் மற்றவர்களும் இதை வடிகட்டினார்கள். பிறரிடம் சாதாரணமாகக் காணப்படுகிறவை போகட்டும். புரதத்தை மாற்றாதவை போகட்டும். மிச்சமிருப்பதில், இந்த நோயை விளக்கக்கூடிய மரபணு எது? அதில் வந்த மாற்றம் புரதத்தின் முக்கியமான இடத்தில் விழுந்திருக்கிறதா? அந்த இடம் மற்ற உயிரினங்களில் எப்படி இருக்கிறது?

சலித்து முடித்தபோது கையில் நின்றது எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் எக்ஸ்.ஐ.ஏ.பி. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து. 608ஆம் இடத்தில் ஜி என்ற டி.என்.ஏ. எழுத்து இருக்க வேண்டியதில் ஏ இருந்தது. மரபணு மொழி மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. அப்படி எண்ணினால் இது 203ஆவது சொல்லின் நடு எழுத்து. நடு எழுத்து மாறியதால், புரதச் சங்கிலியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தில் டைரோசின் வந்து உட்கார்ந்துவிட்டது. 497 மணிகள் கோத்த மாலையில் ஒரு மணி மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். அந்தச் சிஸ்டீன் சும்மா கோக்கப்பட்ட மணி இல்லை. புரதத்தின் அந்தப் பகுதி ஒரு துத்தநாக அணுவை நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டுதான் தன் வடிவத்தைக் காப்பாற்றுகிறது. பிடித்திருக்கும் நான்கு கைகளில் ஒன்று 203ஆவது சிஸ்டீன். டைரோசினால் துத்தநாகத்தை அப்படிப் பிடிக்க முடியாது. ஒரு கை விட்டால் மடிப்பு குலைகிறது. பரிணாமத்தில் மிக விலகிப்போன உயிரினங்களிலும் இந்த இடத்தில் சிஸ்டீனே இருந்தது. அவ்வளவு காலம் மாறாமல் காக்கப்பட்ட எழுத்து மாறியிருந்தால் அதை அலட்சியம் செய்ய முடியாது.

இத்தனை இருந்தும் அவர்கள் அதோடு நிற்கவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எழுத்து மாறியிருப்பது ஒரு சந்தேகம் மட்டுமே. குற்றவாளி அதுதான் என்று நிரூபிக்க வேண்டும். பையனின் ரத்த அணுக்களை எடுத்து ஆய்வகத்தில் தூண்டிப் பார்த்தார்கள். சாதாரண அணுக்களைவிட எளிதாகச் செத்தன. அணுக்களைத் தற்கொலையிலிருந்து காப்பது எக்ஸ்.ஐ.ஏ.பி. புரதத்தின் ஒரு வேலை, அது நடக்கவில்லை. அப்புறம், குடலில் பாக்டீரியா நுழைந்தால் மோப்பம் பிடிக்கும் நாட்-2 என்ற பாதையைத் தூண்டிப் பார்த்தார்கள். அணுக்கள் பதிலே தரவில்லை. இந்தப் பாதைக்கும் எக்ஸ்.ஐ.ஏ.பி. தேவை. குடல் ஏன் இப்படிச் சிதைந்தது என்பதற்கு அங்கே ஒரு விளக்கமும் கிடைத்தது. கூடவே, கண்டறிந்த எழுத்தைப் பழைய முறையில், தரச் சான்று பெற்ற ஆய்வகத்தில் இன்னொரு முறை படித்து உறுதி செய்துகொண்டார்கள்.

இப்போதெல்லாம் பல அறிக்கைகள் 'பொருள் உறுதிப்படாத மாறுபாடு' என்ற வரியோடு வருகின்றன. அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2015ல் வகுத்த ஐந்து படி நிலைகளில் நடுப்படி அது. தீங்கானது என்றும் சொல்ல முடியாது, தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. குடும்பங்கள் அந்த வரியை 'நோய் கண்டுபிடிச்சுட்டாங்க' என்று படித்துவிடுகின்றன. சில சமயம் மருத்துவர்களும். அதை வைத்துக்கொண்டு கர்ப்பத்தைப் பற்றியோ பெரிய சிகிச்சையைப் பற்றியோ முடிவெடுப்பது ஆபத்து. பெற்றோரின் ரத்தத்தையும் சேர்த்துப் பரிசோதிப்பது, அணுக்களின் செயலைச் சோதிப்பது, ஓரிரு ஆண்டு கழித்து அதே தரவை மறுபடி ஆராயச் சொல்வது, இவையெல்லாம் முதல் நாளே திட்டத்தில் இருக்க வேண்டியவை.

சிகிச்சைக்கான காரணம்

பையனுக்கு எக்ஸ்.ஐ.ஏ.பி. குறைபாடு என்று நோய் உறுதியானது. மாற்று சிகிச்சை செய்யத் தீர்மானித்தார்கள். அதற்கு அவர்கள் எழுதிய காரணத்தைக் கவனியுங்கள். குடல் நோயைக் குணப்படுத்துவதற்காக என்று எழுதவில்லை. எக்ஸ்.ஐ.ஏ.பி. குறைபாடு உள்ள குழந்தைக்கு எச்.எல்.எச். வந்து உயிர் போகும் அபாயம் உண்டு, அதைத் தடுக்க மாற்று சிகிச்சை ஏற்கெனவே பரிந்துரையில் இருக்கிறது, ஆகவே செய்கிறோம் என்பதுதான் காரணம். குடலும் சரியாகும் என்பது நம்பிக்கை. அப்போது அதற்கு ஆதாரம் கிடையாது. ஆதாரம் இருக்கும் காரணத்தை முன்னால் வைத்து, நம்பிக்கையை நம்பிக்கையாகவே வைத்துக்கொண்ட நேர்மை அது.

2010ல், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அவனுக்குச் செலுத்தினார்கள். 42 நாட்களுக்கு மேல் கடந்து எழுதிய மருத்துவக் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. குழந்தையால் சாப்பிடவும் குடிக்கவும் முடிகிறது, குடல் நோய் திரும்பவில்லை என்று. ஒன்றேகால் வயதிலிருந்து அவன் பட்டதைத் தெரிந்துகொண்டு படிப்பவர்களுக்கு அந்த வரி லேசில் கடந்துபோகக்கூடியது இல்லை.

இந்த வெற்றிக்குப் பின்னால் வந்த ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். பல நாடுகளில் எக்ஸ்.ஐ.ஏ.பி. குறைபாட்டுக்கு மாற்று சிகிச்சை பெற்றவர்களின் தகவலைத் திரட்டி 2013ல் வெளியிட்டார்கள். மஜ்ஜையை முழுக்க அழிக்கும் கடுமையான கீமோவோடு செய்தவர்களில் 14 சதவீதமே பிழைத்திருந்தார்கள். மென்மையான முறையில் செய்தவர்களில் 55 சதவீதம். நோயின் பெயர் தெரிந்துவிட்டால் சிகிச்சை பாதுகாப்பாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பெயர் தெரிந்த குழந்தைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததால்தான் எந்த முறை கொல்கிறது, எது காப்பாற்றுகிறது என்பதே தெரியவந்தது.

கேட்காத விடைகள்

எக்ஸோம் பரிசோதனை கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. குடல் நோயைத் தேடும்போது, நாற்பது வயதில் வரக்கூடிய புற்றுநோயின் அறிகுறி கண்ணில் படலாம். தகப்பன் யார் என்ற சிக்கலும் எழலாம். மில்வாக்கி மருத்துவர்கள் இதைப் பற்றிப் பரிசோதனைக்கு முன்பே குடும்பத்தோடு பேசினார்கள். பின்னால் மற்றக் குழந்தைகளுக்கும் இதைச் செய்யத் தொடங்கியபோது ஒரு முறையும் வகுத்தார்கள். மருத்துவர்கள் குழந்தையின் பெயரைப் பரிந்துரைப்பார்கள். ஒரு குழு கூடி, விடை கிடைத்தால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா என்று அலசும். குடும்பத்தோடு மரபணு ஆலோசகர் மணிக்கணக்கில் உட்கார்ந்து, எதைத் தெரிந்துகொள்ள விருப்பம், எதை வேண்டாம் என்று கேட்பார்.

நம்மூரில் இந்த உரையாடலுக்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறோம். பரிசோதனைச் செலவைவிட இந்த அரை மணி நேரம் பெரிய செலவாகத் தெரிகிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இன்று அதே பையன் வந்தால்

அதே ஒன்றேகால் வயதுப் பையன் இன்று வந்தால் நூறு ஆபரேஷன் வரை காத்திருக்க வேண்டுமா? கூடாது. 2009லேயே, இவனுடைய மரபணுக்களைப் படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், ஜெர்மனியில் கிறிஸ்டோஃப் க்ளைன் குழுவினர் இன்னொரு செய்தியை வெளியிட்டார்கள். கைக்குழந்தைப் பருவத்திலேயே பவுத்திரங்களோடு கடுமையான குடல் அழற்சி வந்த சில குழந்தைகளிடம், இன்டர்லூகின்-10 என்ற அழற்சி அடக்கும் செய்தியை வாங்கும் ஏற்பியில் பிறவிக் குறை இருந்தது. ஸ்டெம் செல் மாற்று அந்த நோயைத் தணித்தது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, மிக இளம் வயதில் வரும் குடல் அழற்சிக்கு மரபணுக் காரணம் தேடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு வயதுக்குள் தொடங்கி, பவுத்திரமும் இருந்து, வழக்கமான மருந்துக்கும் அடங்காவிட்டால் இன்று காத்திருப்பதற்கு நியாயமே இல்லை.

நேரம் என்பது சில நோய்களில் மாதக் கணக்கு, சிலவற்றில் மணிக்கணக்கு. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஐந்து வார ஆண் குழந்தை ஒன்று விடாமல் அழுதுகொண்டு மருத்துவமனைக்கு வந்தது. ஸ்கேனில் மூளையின் இரண்டு பக்கமும் பாதிப்பு. பத்து ஆண்டுகளுக்கு முன் இதே போல ஒரு குழந்தையை அந்தப் பெற்றோர் இழந்திருந்தார்கள். நோயின் பெயர் அப்போது தெரியவேயில்லை. பெற்றோர் ஒன்றுவிட்ட சொந்தம், இரண்டு சகோதரர் அல்லது சகோதரிகளின் பிள்ளைகள் என்ற உறவு. மரபணுத் தொகுதி முழுவதையும் அவசரமாகப் படித்தார்கள். ஒரு நாள் முடிவதற்குள் விடை வந்தது. தையமின் என்ற பி1 வைட்டமினை மூளைக்குள் கடத்தும் புரதத்தில் குறை. மருந்து தையமினும் பயோட்டினும். மருந்துக் கடையில் கிடைக்கிற வைட்டமின்கள். குழந்தை தேறி வீடு திரும்பியது. இந்த நிகழ்வு 2021ல் வெளியானது. மூத்த குழந்தை போனதற்கும் இது பிழைத்ததற்கும் இடையில் இருந்தது பத்து ஆண்டுகள்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் காரணம் தெரியாமல் வலிப்பு வரும் பச்சிளங்குழந்தைக்குப் பரிசோதனையைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்வது தவறு. முதல் நாளே யோசிக்க வேண்டும்.

எக்ஸோம் கண்டுபிடிக்காதவை

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. எதற்கெடுத்தாலும் எக்ஸோம் அனுப்புவது. நான்கு வயதுப் பையன், கெண்டைக்கால் தடித்திருக்கிறது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுகிறான், தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் சி.கே. என்ற நொதி ஆயிரக்கணக்கில் இருக்கிறது. டூஷென் தசைச்சிதைவு என்று கண்ணே சொல்லிவிடும். இந்த நோயில் பெரும்பாலோருக்கு மரபணுவின் ஒரு துண்டே விட்டுப்போயிருக்கும் அல்லது இரட்டித்திருக்கும். அதைப் பிடிக்க எம்.எல்.பி.ஏ. என்ற குறைந்த செலவுப் பரிசோதனை போதும். அதில் இல்லை என்றால்தான் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். முதுகுத் தண்டுத் தசை நலிவு நோயில் சுமார் 95 சதவீதம் பேருக்கு எஸ்.எம்.என்.1 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பகுதி இரண்டு பிரதியிலும் இல்லாமல் போயிருக்கும். அதே சாயலில் பக்கத்தில் இன்னொரு மரபணு இருப்பதால் சாதாரண எக்ஸோம் அதில் தடுமாறும். ஃப்ராஜைல் எக்ஸ் நோயில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று இருநூறு தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும். எக்ஸோம் அதைப் பார்ப்பதே இல்லை. டவுன் சிண்ட்ரோம் என்று முகமே சொன்னால் குரோமோசோம் எண்ணிக்கையே போதும். இந்தக் குழந்தைகளுக்கு எக்ஸோம் அனுப்பி, 'ஒன்றும் இல்லை' என்று அறிக்கை வந்து, குடும்பம் நிம்மதியாக வீட்டுக்குப் போவதைவிட மோசமான விளைவு இல்லை.

'எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே'

மில்வாக்கி கதையைச் சொன்னால் பெற்றோர் உடனே கேட்பார்கள்: "நாங்க சொந்தத்துல கட்டலையே டாக்டர், எங்க ரெண்டு பக்கமும் யாருக்கும் இந்த மாதிரி இல்லையே, அப்புறம் எப்படி மரபு நோய்?" அந்தப் பையனின் நோய் எக்ஸ் குரோமோசோமில் வருவது. அம்மாவிடம் இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். பையனிடம் இருப்பது ஒன்றே ஒன்று. சொந்தத்தில் கட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாய்மாமனைக் கட்டிய வீடுகளில் கூடுதலாக வருவது வேறு வகை. அதில் இரண்டு பக்கமும் அமைதியாக ஒளிந்திருந்த ஒரே குறை பிள்ளையிடம் சேர்ந்துவிடுகிறது. இரண்டு வகையிலும் குடும்பத்தில் முன்பு யாருக்கும் நோய் இல்லாமலே இருக்கலாம். குடும்ப வரலாறு இல்லை என்பதை வைத்துப் பரிசோதனையை மறுக்க முடியாது.

கடைசியாக என்னிடம் வந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா மகளை மாமன் கட்டிய குடும்பம். மூன்று வயதுப் பெண் குழந்தை, இன்னும் நிற்கவில்லை, பேச்சில்லை. அந்த அம்மா மளிகைக்கடை பிளாஸ்டிக் கவர் நிறைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார். மூன்று ஊர்களின் ஸ்கேன் படங்கள். ஒரு எம்.ஆர்.ஐ. மடித்து மடித்துக் கோடு விழுந்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். மருந்தால் சரியாகக்கூடிய நோய்களுக்கு ஏற்கெனவே ரத்தமும் சிறுநீரும் பார்த்தாகிவிட்டது, எதுவும் இல்லை. மரபணுப் பரிசோதனை செய்து பெயர் தெரிந்தாலும் இந்தக் குழந்தையின் சிகிச்சையில் பெரிதாக ஒன்றும் மாறாது என்று எனக்குத் தோன்றியது. பிசியோதெரபியைத் தொடருங்கள், பரிசோதனைக்கு இப்போது அவசரமில்லை, பணத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

அவர் கவருக்குள் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தார். எழுந்து நின்றவர் மறுபடி உட்கார்ந்தார். "அப்ப இதுக்கு மட்டும் சொல்லுங்க டாக்டர்," என்றார். "எனக்கு இப்ப நாள் தள்ளிப்போயிருக்கு. ரெண்டு மாசம் முடியப்போகுது. அவருக்கே இன்னும் சொல்லல. இதுவும் அப்படித்தான் பொறக்குமான்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா?"

நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. சிகிச்சை மாறுமா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். எந்த முடிவு முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவரிடம் கேட்கவேயில்லை. கருவில் இருக்கும் குழந்தைக்குச் சோதிப்பதென்றால் முதலில் மூத்தவளின் எழுத்து எங்கே மாறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். நஞ்சுக்கொடித் திசுவை எடுக்கும் சோதனையைப் பதினொன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரத்துக்குள் செய்ய வேண்டும். அறிக்கை வரச் சில வாரங்கள் ஆகும். விரலால் எண்ணிப் பார்த்தேன். வழக்கமான நடையில் போனால் நேரம் போதாது, ஆய்வகத்திடம் அவசரம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

குழந்தையின் அப்பாவை வரவழைத்தோம். வெளியே வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் அந்தச் செய்தியை அவருடைய மனைவிதான் சொன்னார், நான் வெளியே போய் நின்றேன். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் பேசினோம். விடை வராமலே போகலாம், வந்தாலும் உறுதியில்லாததாக இருக்கலாம், வந்த பிறகு என்ன செய்வது என்பது அவர்கள் இருவரின் முடிவு என்பதையெல்லாம் சொன்னேன். மாலை ஐந்தரைக்கு மூவரின் ரத்தமும் எடுத்தோம். ஆய்வகத்துக்கான படிவத்தில் குழந்தையின் கதையை ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். மேலே முதல் வரியில், தாய் எட்டு வாரக் கர்ப்பம் என்று எழுதி அடிக்கோடிட்டேன்.